பீர் வாடையே ஆகாதவன் செக் நாட்டுக்குப் போனது

முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பீர் பிடிக்கும். சனிக்கிழமை சாயங்காலம் விதைக்கடையைப் பூட்டியதும் நாங்கள் நான்கு பேர் பாபநாசத்துக்கு வெளியே ஒரு மோட்டார் கொட்டகையில் கூடுவோம். இருபது வருடப் பழக்கம். என் மனைவி மல்லிகாவுக்குத் தெரியும். என் பெண் நித்யாவுக்குத் தெரியும். கொட்டகையைச் சுற்றி மேயும் ஆடுகளுக்குக்கூடத் தெரியும். அப்படிப்பட்ட நான், என் பெண்ணை மருமகளாக எடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு மனிதரிடம் போனில் சொன்னது இது: "பீர் வாடையே எனக்கு ஆகாதுங்க சார். தலை சுத்தும்."

அவர் கேட்டது, "உங்களுக்குக் குடிப்பழக்கம் உண்டா?" என்று மட்டும்தான். 'இல்லைங்க' என்று நிறுத்தியிருக்கலாம். வாடை, தலைசுற்றல் எல்லாம் நானாகச் சேர்த்தவை. விதைநெல் விற்கிறவனுக்கு எதையும் இரண்டு வார்த்தை கூடப் போட்டுச் சொன்னால்தான் திருப்தி.

சொல்லி மூன்றே மாதத்தில், அதே மனிதரோடு, சாப்பாட்டு மேஜையில் தண்ணீருக்கு முன்னால் பீர் வந்து உட்காரும் செக் நாட்டில் கப்பல் ஏறினேன்.

அவர் பெயர் ராமலிங்கம். முத்துப்பேட்டைப் பக்கம். பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவு இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷட்டரை எத்தனை அங்குலம் தூக்கினால் எந்த வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகும் என்று கண்ணாலேயே சொல்லக்கூடியவர். அவர் மகன் பிரவீனும் என் நித்யாவும் பிராக் நகரத்தில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டார்கள். எங்கள் பக்கம் ஆட்சேபணை இல்லை. ராமலிங்கம் சார் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவருடைய தம்பி குடித்தே செத்தவர். அதனால் குடிக்கிற வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று பிரவீன் மூலமாகக் காதுக்கு வந்தது.

நித்யா ஒரு திட்டம் போட்டாள். இரண்டு வீட்டு அப்பா அம்மாவையும் வரவழைத்து, பிராக்கிலிருந்து ஜெர்மனி வரை ஆற்றில் போகிற கப்பலில் ஐந்து நாள் ஏற்றிவிடுவது. ஹோட்டலில் விட்டால் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவீர்கள், கப்பலில் எங்கே போவீர்கள் என்றாள். அந்தத் திட்டத்தில் ஒரு சின்ன விஷயம் அவளுக்குத் தோன்றவில்லை. தப்பிக்க இடமில்லை என்பது எனக்கும் பொருந்தும்.

முதல் நாள். கப்பல் என்றால் நான் நாகப்பட்டினத்தில் பார்த்த மாதிரி ஏதோ பெரிதாக நினைத்திருந்தேன். இது நீளமான ஒரு கல்யாண மண்டபத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்ட மாதிரி இருந்தது. ஆற்றில் நடுநடுவே மதகு போட்டு, கப்பலை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, தண்ணீரை இறக்கி, அடுத்த மட்டத்துக்கு அனுப்பினார்கள். ராமலிங்கம் சாருக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம். ஒவ்வொரு மதகிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கதவில் கசிவே இல்லை என்று அவர் மனைவி சகுந்தலாவிடம் ஏதோ சொந்த மகன் பாஸான மாதிரி சொன்னார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்க பாபநாசம் ஆளுங்க கையில இதக் குடுத்தா, கதவத் தொறந்து வயல்ல விட்டுக்கிட்டு, பூட்டையும் கழட்டிட்டுப் போயிருப்பீங்க."

கடைமடைக்காரர்களுக்கு எங்கள் மேல் அந்தக் கோபம் உண்டு. மேலே இருக்கிற நாங்கள் தண்ணீரைத் தின்றுவிடுகிறோம், அவர்களுக்கு ஈரம்தான் வருகிறது என்பார்கள். நான் சிரித்து வைத்தேன். பெண்ணைக் கொடுக்கிறவன் ஷட்டரைப் பற்றிச் சண்டை போடக்கூடாது.

ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு பண்டம் வந்தது. மாவை உருட்டி வேகவைத்து, வாழைக்காய் சீவுகிற மாதிரி வட்டம் வட்டமாக வெட்டிக் குழம்பில் மிதக்கவிட்டிருந்தார்கள். இட்லி ஆகவேண்டியது, மனம் மாறி ரொட்டி ஆகப் பார்த்து, இரண்டும் ஆகாமல் நின்றுவிட்டது என்று மல்லிகா சொன்னாள். பையிலிருந்து பருப்புப்பொடியை எடுத்து அதன் மேல் தூவினாள். சகுந்தலாவும் கையை நீட்டினார். அந்தப் பொடி டப்பாவில்தான் இரண்டு வீட்டுப் பெண்களும் சிநேகமானார்கள். தண்ணீர் கேட்டால் பரிமாறுகிறவன் கேஸ் போட்ட தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தான். சோறு சாப்பிடும்போது எவனாவது சோடா குடிப்பானா என்று சகுந்தலா முனகினார்.

அதற்குள் பரிமாறுகிறவன் என் முன்னால் ஒரு கண்ணாடிக் குவளையில் பீரை வைத்துவிட்டான். தேன் நிறம். மேலே இரண்டு விரல் கனத்துக்கு நுரை. வெளிப்பக்கம் வியர்த்திருந்தது. நான் பாம்பைப் பார்த்த மாதிரி நாற்காலியைப் பின்னால் தள்ளி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினேன். பக்கத்து மேஜையில் இருந்த ஜெர்மன்காரர் எனக்கு ஏதோ வலிப்பு என்று நினைத்து எழுந்துவிட்டார்.

மேஜைக்கு அடியில் மல்லிகா என் காலை மிதித்தாள். "ஏங்க, ரொம்ப நடிக்காதீங்க. சட்னி வேண்டாம்னு சொல்ற மாதிரி சொல்லிட்டு விடுங்க."

இரண்டாம் நாள் காலையில் கப்பல் நின்றிருந்தது. லிட்டோமெர்ஜிட்ஸே என்று ஒரு பழைய ஊர். அந்தப் பேரை நான் எழுதிவிட்டேன், சொல்லச் சொல்லாதீர்கள். ஒரு மணி நேரம்தான் நிற்க வேண்டியது. ஆனால் ஸ்பீக்கரில் கேப்டன் நீளமாக ஏதோ பேசினார். எங்கள் கைடு லென்கா என்ற பெண், சங்கடமான முகத்தோடு இங்கிலீஷில் விளக்கினாள். இந்த வருடம் மழை இல்லையாம். கப்பல் போகிற லாபே ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதாம். இதற்கு மேல் போனால் கப்பல் தரை தட்டுமாம்.

டெல்டாவிலிருந்து எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்துபோய், ஆற்றில் தண்ணீர் இல்லை என்று கேட்டு நின்ற ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம். மற்ற பயணிகள் கேப்டன்மேல் கோபப்பட்டார்கள். எங்கள் நான்கு பேருக்குக் கோபமே வரவில்லை. இதெல்லாம் ஒரு சேதியா என்கிற மாதிரி இருந்தோம். ராமலிங்கம் சார் பயணம் தொடங்கியதிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார். மேலே எவனோ அடைத்துவிட்டான், நீங்கள் கடைமடை, அதான் வரவில்லை என்று லென்காவுக்கு ஆறுதல் சொன்னார். எந்த அணை, எந்த இன்ஜினீயர் பொறுப்பு என்று விசாரித்தார். அந்தப் பெண் பயந்துபோய் ஆபீசுக்கு போன் செய்யவா என்று கேட்டாள்.

பயணிகளைச் சமாதானப்படுத்தக் கப்பல்காரர்கள் ஒரு ஏற்பாடு செய்தார்கள். அந்த ஊரில் பீர் காய்ச்சும் இடம் ஒன்று உண்டு. அங்கே போய் ருசி பார்ப்பது, இஷ்டப்பட்டவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். இப்போது எல்லோருக்கும் இலவசம், அரை நாள், சாப்பாட்டோடு. ஆற்றில் தண்ணீர் வராததற்கு நிவாரணம். எங்கள் பக்கம் நிவாரணம் கைக்கு வர அடுத்த குறுவை ஆகிவிடும். இங்கே ஒரு மணி நேரத்தில் நுரையோடு வந்துவிட்டது.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் எல்லாரும் போய் வாருங்கள், நான் கப்பலிலேயே படுத்திருக்கிறேன் என்றேன். ராமலிங்கம் சார் பையைத் திறந்து ஓமவாட்டர் பாட்டிலை எடுத்து மூடியில் ஊற்றி, நான் விழுங்குகிறவரை எதிரில் நின்றார். தனக்கும்தான் குடி ஆகாது, போய்ப் பார்லியை எப்படி ஊறப்போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வரலாம், ஒருவர் குடித்தால் அடுத்தவருக்கு ஏறிவிடுமா என்ன என்றார். ஓமவாட்டருக்குப் பிறகு மறுப்பதற்கு என்னிடம் வேறு நோய் இல்லை.

ஊர் அழகான ஊர். நடுவில் நம் பெரிய கோயில் பிராகாரம் மாதிரி விசாலமான சதுக்கம். சுற்றிலும் இளமஞ்சள், ரோஸ் நிறத்தில் வீடுகள். ஒரு வீட்டுக் கூரையில் பூஜைக் கிண்ணம் மாதிரி ஒரு பெரிய கோப்பையைக் கட்டி வைத்திருந்தார்கள். தெருவெல்லாம் உருண்டைக் கல். மல்லிகாவின் செருப்பு வார் பத்தாவது நிமிஷம் அறுந்துபோனது. அதைப் பழம் விற்கிற ஒரு பெண்மணி சணல் கயிறு போட்டுக் கட்டிக்கொடுத்தார். கட்டி முடித்ததும் சகுந்தலாவின் பட்டுப்புடவைத் தலைப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எத்தனை நீளம் என்று சைகையில் கேட்டார். சகுந்தலா கையை விரித்து ஆறு தடவை அளந்து காட்டினார். அந்தப் பெண்மணி சொன்னதை லென்கா சிரித்துக்கொண்டே எங்களுக்குச் சொன்னாள்: "இவ்வளவு துணியையும் ஒரே ஆளா சுத்திக்கிட்டீங்க? இன்னும் ரெண்டு பேருக்கு வருமே."

பீர் காய்ச்சும் இடம் பூமிக்கு அடியில் இருந்தது. அந்த ஊரே அப்படித்தானாம், மேலே ஒரு ஊர், கீழே நிலவறையாக ஒரு ஊர். படி இறங்க இறங்கக் குளிர்ந்தது. கூடவே வாடை வந்தது. ரைஸ் மில்லில் நெல் அவிக்கும்போது வருமே, அந்தச் சூடான தவிட்டு வாடை, அதோடு கொஞ்சம் புளிப்பு. என் மூக்கு ஆனந்தமாக விரிந்தது. நான் அதைக் கைக்குட்டையால் மூடினேன். சனிக்கிழமை வேறு.

அங்கே முதலாளியும் அவரே, வேலைக்காரரும் அவரே. அய்யனார் சிலைக்கு மீசை வைத்த அதே கைதான் இவருக்கும் வைத்திருக்க வேண்டும். முளைகட்டி வறுத்த பார்லியை ஒரு கைப்பிடி அள்ளி ஆளாளுக்குக் கொடுத்தார். ஜெர்மன்காரர்கள் அதை உள்ளங்கையில் வைத்து ஆராய்ந்தார்கள், மோந்தார்கள், போட்டோ எடுத்தார்கள். நானும் ராமலிங்கம் சாரும் ஒன்றும் யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்து ஆள் கையில் ஒரு தானியத்தைக் கொடுத்தால் அது பல்லுக்குத்தான் போகும். களத்தில், கொள்முதல் நிலையத்தில், கடையில், எங்கேயும் கடித்துத்தான் ஈரம் பார்ப்போம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் 'டுக்' என்று கடித்தோம்.

ராமலிங்கம் சார், உள்ளே வெள்ளையாக இருக்கிறது என்றார். நான் ஈரம் சுத்தமாகப் போன சத்தம் சார் என்றேன். அவர் தலையாட்டினார்.

மீசைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். லென்காவிடம் என்னவோ சொன்னார். எத்தனையோ வருடமாக ஆட்கள் வருகிறார்கள், நான் சொல்லாமலே கடித்துப் பார்த்தவர்கள் இந்த இரண்டு பேர்தான், இவர்கள் விவசாயிகளா என்று கேட்டாராம். ராமலிங்கம் சார், "இவரு விதை விக்கிறவரு, நான் தண்ணி விட்டவன்" என்று சொல்லி என் தோளில் கையைப் போட்டார். அந்தக் கை என் தோளில் இருந்த அரை நிமிஷத்தில் நான் மனதுக்குள் கல்யாணப் பத்திரிகை அச்சடித்து, மண்டபம் பார்த்து, சமையல்காரருக்குச் சொல்லிவிட்டேன்.

பிறகு ஆளுக்கு நாலு சின்னக் குவளைகள் வந்தன. எங்கள் நான்கு பேருக்கும் ஆப்பிள் ஜூஸ். நான் ஜூஸைக் குடித்துக்கொண்டே அடுத்தவர்களுடைய பீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது.

கடைசியாக மீசைக்காரர் பெரிய தொட்டியின் குழாயைத் திறந்து, ஒரு செம்பு அளவுள்ள மண்குவளையில் பீரைப் பிடித்தார். வடிகட்டாத பீர். இது இந்த வீட்டு வழக்கம், வந்தவர்கள் எல்லாரும் ஒரே குவளையிலிருந்து ஆளுக்கு ஒரு வாய் குடிக்க வேண்டும், அதற்குப் பிறகு யாரும் அந்நியர் இல்லை என்று லென்கா சொன்னாள். குவளை சுற்ற ஆரம்பித்தது. பன்னிரண்டு பேர் வாய் வைத்தார்கள். ராமலிங்கம் சாரிடம் வந்தது. அவர் அதை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மீசைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டு, என்னிடம் கொடுத்தார். நானும் அதையே செய்யப் போனேன். மீசைக்காரரின் முகம் தொங்கிப்போனது.

ராமலிங்கம் சார்தான் சொன்னார். "ஒரு வாய் குடிச்சிருங்க சார். பாவம், மனசு நோவாரு. ஒரு வாய்ல ஒண்ணும் தலை சுத்தாது."

புதிதாகக் குடிக்கிறவன் என்ன செய்வான்? உதட்டில் வைப்பான், முகத்தைச் சுளிப்பான், இருமுவான். அதையெல்லாம் நான் ஒத்திகையே பார்த்து வைத்திருந்தேன். ஆனால் குவளையின் விளிம்பில் ஒரு ஜெர்மன் அம்மாளின் லிப்ஸ்டிக் ஒட்டியிருந்தது. கண் அதைப் பார்த்தது. மற்றதைக் கை செய்துவிட்டது.

எங்கள் மோட்டார் கொட்டகையில் ஒரு பாட்டிலைத் திறந்தால் நான்கு பேருக்கும் அதுதான். வாய் வைத்தால் அடுத்தவன் தொடமாட்டான். எச்சில் படாமல் அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்ள வேண்டும். தண்ணீரை யார் வேண்டுமானாலும் அண்ணாந்து குடிக்கலாம். பீர் அப்படி இல்லை. வேகமாகச் சாய்த்தால் நுரை பொங்கி மூக்கில் ஏறும், மெதுவாகச் சாய்த்தால் தாடையில் வழியும். நூல் மாதிரி ஒரே கனத்தில் விட வேண்டும். தொண்டையைத் திறந்து வைக்க வேண்டும், நடுவில் மூச்சு விடக்கூடாது. முடிக்கும்போது மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினால் கடைசிச் சொட்டு உள்ளேயே நின்றுவிடும். இருபது வருடம் நான் எந்தக் கலையையாவது விடாமல் பயின்றிருக்கிறேன் என்றால் அது இது ஒன்றுதான்.

தலையை அண்ணாந்தேன். ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டேன். ஒரு வாய் என்றுதான் ஆரம்பித்தது. நல்ல பீர். கை நிற்கவில்லை. மணிக்கட்டை வெட்டிக் குவளையை இறக்கியபோது அது காலி. சட்டையில் ஒரு சொட்டு இல்லை.

நிலவறை முழுக்கக் கைதட்டல். மீசைக்காரர் ஓடிவந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். லிப்ஸ்டிக் அம்மாளின் கணவர் தானும் அப்படிக் குடிக்கிறேன் என்று ஒரு குவளையை வாங்கி அண்ணாந்தார். மூக்கு வழியாக வந்தது. இன்னொருவர் முயன்றார், கண்ணில் போனது. மூன்றாவது ஆளுக்குச் சட்டைக்குள் இறங்கியது. பத்து நிமிஷத்தில் அந்த இடம் மஞ்சள் நீராட்டு விழா மாதிரி ஆகிவிட்டது. பிறந்ததிலிருந்து பீர் குடிக்கிற ஜாதியில் ஒருத்தனுக்கும் வரவில்லை. நனைந்த ஒவ்வொரு ஆளும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

மல்லிகா நிலவறையின் மேல்கூரையைப் படித்துக்கொண்டிருந்தாள். ராமலிங்கம் சார் என்னைப் பார்த்தார். அணையில் அளவுகோலைப் பார்க்கிற பார்வை.

"சொம்புல தண்ணி குடிச்சுப் பழக்கம் சார்" என்றேன்.

"ம்" என்றார்.

மூன்றாம் நாள். தண்ணீர் ஏறவில்லை. மீதிப் பயணத்தை ரத்து செய்து எல்லாரையும் பஸ்ஸில் பிராக்குக்கே திருப்பி அனுப்புவதாகச் சொன்னார்கள். காலையில் பக்கத்து அறையிலிருந்து இருமல் சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி இருமல், தும்மல். சாப்பிட வந்தபோது ராமலிங்கம் சார் கண்கள் சிவந்து, வேறு சட்டை மாற்றியிருந்தார். விடிந்ததிலிருந்து சோடா பாட்டிலை வைத்துக்கொண்டு இவர் குளியலறையில் என்னவோ பண்ணுகிறார் என்று சகுந்தலா மல்லிகாவிடம் கவலையோடு சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது.

பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அஞ்சு தடவ சோடாவ அண்ணாந்து விட்டுப் பாத்தேன்" என்றார். "அஞ்சு தடவையும் மூக்குல ஏறிருச்சு. எத்தன வருசம் சார்?"

"இருபது" என்றேன். "சனிக்கிழமை மட்டும். நாலு பேரு. ரெண்டு பாட்டில தாண்டாது. போன்ல உங்ககிட்ட சொன்னது பொய். பயந்துட்டேன் சார்."

"வாடை ஆகாதுன்னீங்க."

"அது நானா சேத்தது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே கோதுமை அறுத்த வயல், தாள் மட்டும் நின்றது. பிறகு, வயலிடம் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "என் தம்பி குடிச்சான்னு எனக்குக் கோபம் இல்ல. கடைசி வரைக்கும் குடிக்கலன்னே சொன்னான். என்கிட்ட சொன்னான், அவன் பொண்டாட்டிகிட்ட சொன்னான். ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்டயும் தொட்டதே இல்லன்னு சொன்னான். அவரு என்னத்தப் பாத்து வைத்தியம் பண்ணுவாரு?"

எப்போதும் இரண்டு வார்த்தை கூடப் போடுகிற எனக்கு அன்றைக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. முன் சீட்டில் மல்லிகா திரும்பிப் பார்க்கவே இல்லை, ஆனால் அவள் காது எங்கள் பக்கம்தான் இருந்தது என்று அவள் கழுத்தைப் பார்த்தே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் நித்யாவும் பிரவீனும் பஸ் நிற்கிற இடத்துக்கே வந்திருந்தார்கள். பிரவீன் தங்கியிருந்த வீட்டில் சாப்பாடு. நித்யா முருங்கைக்காய் சாம்பார் வைத்திருந்தாள். முருங்கைக்காய் டின்னில் வந்தது, ருசி டின்னிலேயே நின்றுவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை. நான் இலையைப் பார்க்காமல், இலை இல்லை, தட்டைப் பார்க்காமல் ராமலிங்கம் சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஐந்து நாள் திட்டத்தை மூன்றே நாளில் ஒரு குவளையால் கவிழ்த்துவிட்டேன் என்பதை என் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அவள் மோர் ஊற்ற வந்தபோது என்னப்பா முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். ஓமவாட்டர் என்றேன்.

ராமலிங்கம் சார் மோர்ச்சாதத்தைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் மகனிடம் கேட்டார். "தை மாசம் உங்க ரெண்டு பேருக்கும் சேந்தாப்ல லீவு கிடைக்குமா?"

பிரவீனுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. நித்யாவுக்கு உடனே விளங்கிவிட்டது. மோர்ச் சட்டியோடு சமையலறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. சகுந்தலா எழுந்து பின்னாலேயே போனார். மல்லிகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, சாப்பிடுங்க என்றாள்.

என் விஷயம் உங்களுக்குத் தெரியும். எனக்கு நல்லது நடந்தால், அதில் என் பங்கு என்ன என்று உடனே தேட ஆரம்பித்துவிடுவேன். சாப்பாடு முடிந்து ராமலிங்கம் சார் பால்கனியில் நின்று கீழே போகிற டிராமைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். பஸ்ஸில் நான் உண்மையை ஒப்புக்கொண்டது அவர் மனதை மாற்றிவிட்டது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அதை அவர் வாயாலேயே கேட்க ஆசை.

"மறைக்காம சொன்னதுக்கு மரியாதை குடுத்துட்டீங்க சார்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க எங்க சொன்னீங்க? மாட்டிக்கிட்டீங்க. சொன்னது நித்யா. மூணு மாசம் முன்னாடியே எனக்குப் போன் போட்டுச்சு. 'எங்கப்பா சனிக்கிழமை குடிப்பாரு மாமா. நீங்க கேட்டா இல்லம்பாரு. அதனால கல்யாணம் வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க, பின்னால தெரிஞ்சு வருத்தப்படாதீங்க'ன்னுச்சு. மறுநாள்தான் நான் உங்களக் கூப்ட்டுக் கேட்டேன். நீங்க வாடை ஆகாதுன்னீங்க. பொண்ணு விஷயத்துல எனக்கு அன்னிக்கே சரி. மூணு மாசமா யோசிச்சதெல்லாம் உங்களப் பத்தித்தான்."

கீழே டிராம் ஒன்று மணி அடித்துக்கொண்டு திரும்பியது. அது போகிறவரை பார்த்துவிட்டு அவர் சொன்னார்.

"நல்லவேளை சம்பந்தி, அது உங்கள மாதிரி வளரல."